இன்ஜின் ஸ்டார்ட் ஆகுதா? அப்பவும் ஓட்டாதீங்க!

படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை என ஒரு குட்டி வீடே சக்கரத்தில் ஓடினால், அதுதான் மோட்டார்ஹோம். அமெரிக்காவில் 1973 முதல் 1978 வரை தயாரான ஜி.எம்.சி மோட்டார்ஹோம், பழைய வண்டிப் பிரியர்களின் செல்லம். 23 அடி, 26 அடி என இரண்டு நீளங்களில் வந்தது. யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் வருடக்கணக்கில் நின்ற வண்டியை இன்றும் ஆசையாகத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

வாங்கியதும் ஒரு சபலம் வரும். 'புது பேட்டரி போட்டதும் ஸ்டார்ட் ஆகிடுச்சே, ட்ரெய்லர் வாடகை எதுக்கு? ஓட்டிட்டே போயிடலாம்!'

ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. நின்றே கிடந்த டயர், பார்க்கப் புதிதாக இருந்தாலும் வேகத்தில் வெடிக்கலாம். பிரேக் குழாய்க்குள் துரு இருக்கலாம். எல்லாவற்றையும்விட மோசம், பெட்ரோல் போகும் ரப்பர் குழாய். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பரை அரித்துவிடும். சூடான இன்ஜின்மேல் கசிந்தால் தீதான். இந்த வண்டியில் இன்ஜின் இருப்பதோ முன் இருக்கைகளுக்குப் பக்கத்திலேயே, தரைக்கு அடியில்!

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தாழ்வான ட்ரெய்லரைக் கூப்பிடுகிறார்கள். இந்த வண்டியின் பின்பக்கத்தைத் தாங்குவது காற்றுப் பைகள். நாள்பட நின்றால் காற்று இறங்கி வால் தரையைத் தொடும். முதலில் காற்றடித்துத் தூக்கி, நீளமான சாய்தளம் வைத்து, வின்ச்சால் மெதுவாக இழுத்து ஏற்ற வேண்டும். கேஸ் சிலிண்டரை மூடி, பேட்டரி வயரைக் கழற்றி, கூரை ஜன்னல், அலமாரிக் கதவுகளை டேப் போட்டு ஒட்டுவது அவசியம். இல்லையென்றால் நெடுஞ்சாலைக் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும்.

ஏற்றியபின் தரையிலிருந்து கூரை ஏ.சி வரை அளக்க வேண்டும். அங்கு பல மாநிலங்களில் உயர வரம்பு 13.5 அடி. சுமார் 4,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி என்றால், குறைந்தது 4 இடங்களில் கட்ட வேண்டும் என்பது சட்டம். கிளம்பிய முதல் 80 கிலோமீட்டருக்குள் நிறுத்தி, கட்டு தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வீடு வந்ததும் டூர் அல்ல. டயர், பிரேக், குழாய் மாற்றுவதுதான் முதல் வேலை.

டயரின் வயதைக் கண்டுபிடிப்பது சுலபம். பக்கவாட்டில் 'டாட்' குறியீட்டின் கடைசி 4 எண்களைப் பாருங்கள். 3511 என்றால் 2011-ம் ஆண்டின் 35-வது வாரம். உங்கள் வீட்டு காரின் டயரிலும் இருக்கும். இன்றே ஒருமுறை குனிந்து பாருங்களேன்!