செகண்ட் ஹேண்ட் ஜிப்சியும் அம்மாவின் முழங்காலும்

ரொம்ப நாளாச்சு பதிவு போட்டு. மார்ச் கணக்கு முடிப்பு, அதன் பின்னாலேயே ஆடிட், அதன் பின்னாலேயே மழை. பாம்பூஃப்ளாட்டில் மழை ஆரம்பித்தால் நாம் எழுதுவது இருக்கட்டும், துணி காய்ந்தாலே அன்றைக்கு விசேஷம்தான்.

இன்றைக்கு எழுத வைத்தது ஒரு போன். மஸ்கட்டில் இருக்கும் தம்பி ஒருத்தன், ஒரே ஊர்க்காரன். "அண்ணே, மதுரையில ஒரு ஜிப்சி வந்திருக்கு. பெட்ரோல், ஃபோர் வீல் டிரைவ். பெரிய டயர், முன்னாடி விஞ்ச், மேல லைட்டு எல்லாம் போட்டிருக்கான். லீவுக்கு வந்தா குடும்பத்தோட ராமேஸ்வரம், வால்பாறை, கொல்லிமலைன்னு ஒரு ரவுண்டு. நீங்க பேங்க் ஆளு, லோனுக்கு வழி சொல்லுங்க" என்றான்.

இந்த வருஷத்தில் இது மூன்றாவது போன். வளைகுடா, சிங்கப்பூர், இந்தத் தீவு என்று வெளியே பிழைக்கப் போன நம் ஆட்களுக்கு நாற்பதைத் தாண்டியதும் ஒரு வியாதி வருகிறது. ஊருக்குப் போனால் உயரமான வண்டியில் போய் இறங்க வேண்டும். எனக்கும் அந்த வியாதி உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன். 1985 கடைசியில் மாருதி ஜிப்சி வந்தபோது நான் டவுசர் போட்ட பையன். எங்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற வெள்ளை ஜிப்சியைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். அந்த ஆசையை ஒரு பி.காம் டிகிரியால் அழித்துவிட முடியாது :-)

ஆனாலும் சொல்கிறேன். தம்பி, அந்த வண்டியை வாங்காதே.

உடனே டீசல் கட்சிக்காரர்கள் கைதட்ட வேண்டாம். உங்களுக்கும் இருக்கிறது.

"பெட்ரோல் ஃபோர் வீலா? குடிச்சே தீர்த்துடும் சார்" என்பது டீசல் கட்சியின் ஒரே வசனம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு 8,000 கி.மீ. ஓட்டும் குடும்பம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 11, டீசல் வண்டி 14 என்று வையுங்கள். பெட்ரோல் 727 லிட்டர், டீசல் 571 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் செலவு 72,700 எதிர் 52,500. வித்தியாசம் வருஷத்துக்கு ஏறக்குறைய 20,000. அதே வயசு டீசல் வண்டிக்கு ஒன்றரை லட்சம் கூடக் கேட்டால், அந்தப் பணம் திரும்பி வர ஏழரை வருஷம். சனி பகவான் கணக்கு!

அதற்குள் டீசலின் பராமரிப்பு என்ன ஆகும்? பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து போக வேண்டுமென்றால் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட வேண்டும். வீட்டிலிருந்து ஜெட்டி, ஜெட்டியிலிருந்து ஆபீஸ் என்று நாலு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். டெல்லி வட்டாரத்திலோ 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆரம்பித்து வைத்தது, 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது: டீசலுக்குப் பத்து வருஷம், பெட்ரோலுக்குப் பதினைந்து. அந்த விதி நம்மூரில் இல்லை. ஆனால் அங்கிருந்து தள்ளிவிடப்படும் டீசல் வண்டிகள் தெற்கே விலைக்கு வரும். 'நல்ல விலை' என்று தெரிந்தால், அது யாருக்கு நல்லது என்று யோசியுங்கள்.

ஆக, குறைவாக ஓட்டும் குடும்பத்துக்குப் பெட்ரோல்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் சண்டை எரிபொருளோடு இல்லை, எதை நினைத்து வாங்குகிறோம் என்பதோடுதான்.

முதலில் ஃபோர் வீல் டிரைவ் எதற்கு? ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. இரண்டிலும் அரசு பஸ் போகிறது. பஸ்ஸுக்கு எந்த ஃபோர் வீல்? மழையில் நனைந்த மலைச்சாலையில் நம்மைக் காப்பாற்றுவது டயரும் பிரேக்கும் நிதானமும். நாலு சக்கரமும் இழுப்பதால் வண்டி சீக்கிரம் கிளம்பும், சீக்கிரம் நிற்காது. இந்த ஒரு வரியை எழுதி டேஷ்போர்டில் ஒட்டலாம்.

இன்னொன்று. ஜிப்சி, ஜிம்னி, தார் மூன்றிலும் இருப்பது தேவைப்படும்போது மட்டும் போடும் வகை. காய்ந்த தார்ச்சாலையில் போடக்கூடாது. வளைவில் முன்சக்கரம் ஒரு தூரம், பின்சக்கரம் வேறு தூரம் உருளும். நடுவில் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க டிஃபரன்ஷியல் கிடையாது. பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். 'நான் எப்பவும் ஃபோர் வீல்லதான் ஓட்டுவேன் சார்' என்று பெருமையடிக்கிற ஆளின் வண்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

எங்கள் தீவில் இதைவிடக் கூத்து. அந்தமான் டிரங்க் ரோட்டில் டிக்லிபூர் வரை போனாலும் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஜிர்காடாங்கில் நிறுத்தி, வரிசை கட்டி, போலீஸ் துணையோடு ஜாரவா மக்களின் காட்டைக் கடக்க வேண்டும். நிற்கக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது. அந்தச் சாலையின் பகுதிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டது. இன்றும் அதில் வண்டி ஓடுகிறது. அதன் நியாய அநியாயம் தனிப் பதிவு. ஆனால் அந்த வழியை 'அட்வென்ச்சர் ரூட்' என்று சொல்லி, அதற்காகவே ஃபோர் வீல் தேடுகிற ஆட்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. அது இன்னொருத்தர் வீட்டு வாசல், சார். நம்ம சஃபாரி இல்லை.

சரி, ஜிப்சிக்கு வருவோம். போன லீவில் நானே ஒன்றைப் பார்க்கப் போனேன். அடுத்த வருஷம் எனக்கு ஊர்ப்பக்கம் மாற்றல் வர வேண்டும், அந்த நம்பிக்கையில். 1.3 லிட்டர் எஞ்சின், 2000-க்குப் பிறகு வந்த 80 குதிரைசக்தி மாடல். எஞ்சின் மணி மாதிரி இருந்தது. தங்கமணி, மகள், அம்மா மூவரையும் கூட்டிப் போயிருந்தேன். நான் போனட்டைத் திறந்து பரவசப்பட்டுக் கொண்டிருக்கும்போது அம்மா பின்பக்கக் கதவு வழியாக ஏறப் பார்த்தார். காலைத் தூக்கினார், முடியவில்லை. விற்கிற ஆள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டு வந்து போட்டார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் நான் பார்த்தேன். பின்னால் இருப்பது எதிரெதிரான இரண்டு பெஞ்சு. பக்கவாட்டில் உட்கார வேண்டும். பெல்ட் இல்லை. அம்மா ஒரு கையால் கம்பியையும் மறுகையால் பேத்தியையும் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்றார்.

மக்களே, எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. முன்னால் நானும் தங்கமணியும் பெல்ட் போட்டு உட்காருவோம். பின்னால் எழுபது வயசு அம்மாவும் பத்து வயசுப் பெண்ணும் கம்பியைப் பிடித்துக்கொண்டு 600 கி.மீ. வர வேண்டும். என் சின்ன வயசு ஆசைக்கு அவர்கள் இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போடுகிற மாதிரி. பேங்கில் இப்படி ஒரு ஜாமீனை நான் ஒத்துக்கொள்வேனா?

ஜிப்சிக்கு ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை. கம்பெனி போட்ட ஏ.சி.யும் இல்லை. 2019-இல் பாதுகாப்பு விதிகள் இறுகிய சமயத்தில் பொதுச் சந்தையிலிருந்து விடைபெற்றதில் ஆச்சரியம் இல்லை. காட்டுக்கும் ராணுவத்துக்கும் அது ராஜா. குடும்பத்தோடு நெடும்பயணத்துக்கு அது இல்லை. இதைச் சொன்னால் ஜிப்சி ரசிகர்கள் என்னை ஊர்விலக்கம் செய்வார்கள். செய்யட்டும், நான் ஏற்கெனவே கடல் தாண்டித்தான் இருக்கிறேன் :-)

அப்படியானால் எதை வாங்குவது?

தார் (2020-க்குப் பிறகு வந்தது): 2 லிட்டர் டர்போ பெட்ரோல், சக்திக்குக் குறைவில்லை. ஆனால் மூன்று கதவு. முன்சீட்டைச் சாய்த்துப் பின்னால் ஏற வேண்டும். அம்மா தேர்வில் ஃபெயில். 2023 முதல் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற பெட்ரோல் தாரும் உண்டு. ஃபோர் வீல் லீவர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஐந்து கதவு ராக்ஸ் 2024-இல் வந்தபோது ஃபோர் வீல் டீசலுக்கு மட்டும்தான். பெட்ரோல் ராக்ஸை ஃபோர் வீல் என்று யாராவது விற்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஹோண்டா சிஆர்-வி பழைய பெட்ரோல், நாலு சக்கர இழுப்பு: சொகுசு, அம்மா சுலபமாக ஏறுவார். லோ ரேஞ்ச் கிடையாது, சுற்றுலாவுக்கு அது தேவையும் இல்லை. ஆனால் 2020-இல் இந்திய விற்பனை நின்றுவிட்டது. பெரிய எஞ்சின், பெரிய தாகம், பாகங்களின் விலையும் அதற்கேற்ப. மாருதி கிராண்ட் விட்டாரா (2022) ஆல்கிரிப் பெட்ரோல் மேனுவல்: இதிலும் லோ ரேஞ்ச் இல்லை. ஐந்து பேர் குடும்பத்துக்கு என் ஓட்டு இதற்கே.

ஜிம்னி: 2023 ஜூனில் வந்தது. ஐந்து கதவு, 1.5 லிட்டர் பெட்ரோல், லோ ரேஞ்ச் உண்டு, ஆறு ஏர்பேக், நாலு பேருக்கும் முன்னோக்கிய சீட், பெல்ட். குறை? நாலே பேர்தான். நாலு பேர் உட்கார்ந்தால் பின்னால் இரண்டு சூட்கேசுக்கு மேல் கஷ்டம். டேங்க் 40 லிட்டர்தான், லிட்டருக்கு 13 கொடுத்தாலும் ஒரு நிரப்புக்கு 500 கி.மீ. சென்னை - கன்னியாகுமரி ஏறக்குறைய 700. நடுவில் ஒருமுறை நிறுத்தத்தான் வேண்டும். அம்மாவுக்கும் கால் நீட்ட ஒரு சாக்கு.

விலை பேசும்போது இதை ஞாபகம் வையுங்கள். அறிமுக ஷோரூம் விலை 12.74 லட்சத்தில் தொடங்கியது. அதே வருஷக் கடைசியில் தண்டர் எடிஷன் என்று 10.74-க்குக் கொடுத்தார்கள். ஆகவே 'புதுசு அன்னிக்கு என்ன விலை தெரியுமா சார்?' என்று ஆரம்பிப்பவரிடம், அவர் கொடுத்த விலையின் பில்லைக் கேளுங்கள்.

எந்த வண்டியானாலும் பார்க்க வேண்டியது:

1. அடிப்பாகம். கிடங்கில் ஏற்றிப் பாருங்கள். சேசிஸில் துரு, வெல்டிங் தடம், புதுசாக அடித்த கறுப்பு பெயின்ட் எதையோ மறைக்கிறது. தீவில் ஓடிய வண்டி, கடலோர வண்டி என்றால் இரட்டைக் கவனம். எங்கள் உப்புக்காற்று இரும்பை அப்பளமாக்கிவிடும்.

2. வெள்ளம். சென்னை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கியது. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தால் சேற்றுக்கோடு சாட்சி சொல்லும். ஸ்டெப்னி குழியையும் கார்ப்பெட்டின் அடியையும் பாருங்கள்.

3. ஃபோர் வீல். மண் தரையில் போட்டு, லோ ரேஞ்சும் போட்டு ஓட்டுங்கள். கடகட சத்தமோ, தானாக நழுவுவதோ கூடாது. முன் டிஃபரன்ஷியல் ஆயில் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

4. டயர். நாலும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம். அளவுக்கு மீறின டயர் போட்ட வண்டியில் ஸ்பீடோமீட்டரும் பொய், பிரேக்கும் பாவம்.

5. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டியே உசத்தி. விஞ்ச், லைட்டுக்குக் காசு தராதீர்கள்.

6. காகிதம். ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் இருக்கிறதா? இருந்தால் படிவம் 35-உம் பேங்க் என்.ஓ.சி.யும் கையில் வராமல் முழுப்பணம் தராதீர்கள். வேறு மாநில வண்டியென்றால் படிவம் 28. பதினைந்து வருஷம் தாண்டியது என்றால் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. பசுமை வரி தனி.

7. எத்தனால். 2025-க்குள் நாடு முழுக்க 20 சதவீதக் கலப்புப் பெட்ரோல் பரவிவிட்டது. பழைய வண்டியில் ரப்பர் குழாய்களை மாற்ற ஒரு தொகை ஒதுக்குங்கள். பெட்ரோல் கட்சிக்காரன் நான், என் கட்சியின் குறையையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

கடைசியாக, தம்பி கேட்ட லோன். 8 லட்சம், 11 சதவீதம், ஐந்து வருஷம். மாசம் ஏறக்குறைய 17,400. வட்டி மட்டும் 2.4 லட்சத்துக்கு மேல். வருஷத்துக்கு இருபது நாள் லீவில் வருபவன் வருஷம் 2 லட்சம் தவணை கட்டி, மீதி 345 நாள் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கப் போகிறான். நல்ல வாடகை வண்டி டிரைவரோடு நாளைக்கு 5,000 என்று வைத்தாலும் இருபது நாளுக்கு ஒரு லட்சம். மிச்சப் பணத்தில் அம்மாவுக்கு முழங்கால் வைத்தியம் பார்க்கலாம். லோன் கொடுப்பது என் தொழில். கொடுக்காதே என்று நானே சொல்கிறேன் என்றால் யோசித்துக் கொள்ளுங்கள்.

ஊரோடு திரும்பிப் போகிறவர்கள் மட்டும் வாங்குங்கள். கைக்காசில் வாங்குங்கள். வாங்கும் முன் வீட்டில் வயசானவரைப் பின்சீட்டில் ஏற்றி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மெக்கானிக் சொல்லாததை அவர்கள் முகம் சொல்லும்.

எனக்கு மாற்றல் வந்தால் ஜிம்னிதான். வராவிட்டால் இந்தப் பாம்பூஃப்ளாட் - சாத்தம் ஃபெர்ரியே போதும். சில நிமிஷப் பயணம்தான், ஆனால் எல்லாரும் சமமாக நிற்கிறோம்.

டிஸ்கி: அந்த ஜிப்சியின் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. தங்கமணிக்குத் தெரியாது.