கரிக்கட்டியைப் பிடுங்காதீர்கள்!

பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர். எட்டு வயதுப் பெண் ஒருத்தி அதில் கரிக்கட்டியால் படம் போட்டுவிட்டாள். நைட் ஷிப்ட் முடிந்து வந்த தகப்பன் கண்டான். முதுகில் இரண்டு வைத்தான். கரிக்கட்டியைப் பிடுங்கி வீதியில் எறிந்தான். "சுண்ணாம்பு என்ன சும்மாவா வருது?" என்று கத்தினான்.

படத்தில் என்ன இருக்கிறது என்று அவன் பார்க்கவில்லை. அவனைத் தேடிப் போயிருந்த நான் பார்த்தேன். நீளமாக ஒரு மிஷின். அதன் முன்னால் சின்னதாக ஓர் ஆள். ஆளுக்கு ஆறு கால்!

"ஏம்மா இத்தனை கால்?" என்று கேட்டேன்.

"அப்பா ராத்திரியெல்லாம் மிஷின் முன்னால நடந்துக்கிட்டே இருப்பாங்களாம்" என்றாள், அழுகையை விழுங்கிக்கொண்டு.

தோழர்களே! தகப்பன் படும் பாட்டை அந்தக் குழந்தைக்கு எந்தப் பாடப்புத்தகம் சொல்லிக் கொடுத்தது? காதில் விழுந்த பேச்சை மனத்தில் வைத்து, தானே ஒரு வழி கண்டுபிடித்துச் சுவரில் எழுதினாள். அதற்குக் கிடைத்த பரிசு அடி!

அந்தத் தகப்பன் கெட்டவன் அல்ல. இரவெல்லாம் உழைத்து அலுத்தவன். "கஞ்சிக்கு வழி தேடுவதா, பிள்ளையைப் படம் போட வைப்பதா?" என்று அவன் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வசதியுள்ள வீட்டில் கலர்ப் பெட்டி உண்டு, ஓவிய வாத்தியார் உண்டு. நம்மிடம் என்ன இருக்கிறது?

இருக்கிறது. காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. போன வருஷத்து நோட்டில் மிஞ்சிய தாள்கள் இருக்கின்றன. அடுப்புக்கரி, செங்கல் துண்டு, மஞ்சள், செம்மண், வாய்க்கால் களிமண் எல்லாம் இருக்கின்றன. சுவர் கெடும் என்றால், ஒரு மூலையைக் காட்டி, "இது உன் இடம்" என்று சொல்லிவிடலாம். இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை சொல்வதைக் கேட்க ஒரு காது.

இதை நன்றாக அறிந்த ஒருவர் இத்தாலியில் இருந்தார். ஜியானி ரோதாரி என்று பெயர். 1920-இல் ஒரு ரொட்டிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். பள்ளி ஆசிரியராக இருந்தவர், யுத்தத்துக்குப் பின் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் 'லூனித்தா' பத்திரிகையில் நிருபரானார். அதிலேயே குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் எழுதத் தொடங்கினார். 1970-இல் குழந்தை இலக்கியத்துக்கான உலகப் பரிசாகிய ஆண்டர்சன் பரிசு அவருக்குக் கிடைத்தது.

1962-இல் வந்த அவருடைய புத்தகம் ஒன்றில், ஊர் ஊராகப் போய் மருந்து விற்கும் ஒரு தகப்பன் வருகிறான். வாரத்தில் ஆறு நாள் வெளியூர். ஆனாலும் தினம் இரவு ஒன்பது மணிக்கு மகளைப் போனில் கூப்பிட்டு ஒரு கதை சொல்வான். போன் செலவுக்குப் பயந்து குட்டிக் கதையாகச் சொல்வான்! திருப்பூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு வீட்டுக்குப் போன் செய்யும் தகப்பன்மார் நம்மில் எத்தனை பேர்! "பணம் வந்ததா? மார்க் எவ்வளவு?" என்று கேட்டபின் ஐந்து நிமிஷம் கதைக்கு ஒதுக்கினால் என்ன?

ரோதாரி 1973-இல் எழுதிய நூலில் ஒரு விளையாட்டைச் சொல்கிறார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்களை எடுக்க வேண்டும். அவற்றைச் சேர்த்துப் பிள்ளை ஒரு கதை கட்ட வேண்டும். அவர் சொன்னது நாய், அலமாரி. நாம் சொல்லலாம்: எருமை, சைக்கிள். இதற்குத் தாளும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். கைநாட்டு வைக்கும் தாயும் விளையாடலாம்.

பிள்ளை எழுதிக் காட்டினால் முதலில் பிழை பார்க்காதீர்கள். "வாசித்துக் காட்டு" என்று சொல்லுங்கள். பிழையை மறுநாள் திருத்தலாம். நடவுப் பாட்டும் தாலாட்டும் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால், அவர் பாடப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அச்சில் ஏறாத பாட்டு ஒன்று பிழைக்கும். பிள்ளைக்கும் எழுத்து வசப்படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எத்தனையோ வீடுகளில் பையனுக்கு நோட்டு, பெண்ணுக்குத் துடைப்பம். அவள் தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவி, தம்பியைத் தூக்கி முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. அவளுக்கும் தினம் அரைமணி நேரம் வேண்டும். அந்த நேரம் பாத்திரத்தை அண்ணன் கழுவட்டும், அப்பனும் கழுவட்டும்!

நம் பிள்ளைகள் எல்லோரும் எழுத்தாளராக வேண்டும் என்பதல்ல இதன் நோக்கம். கண்டதைக் கண்டபடி சொல்லவும், இல்லாத ஒன்றை மனத்தில் கட்டிப் பார்க்கவும் அவர்கள் பழக வேண்டும். அப்படிப் பழகியவன் நாளைக்குக் கூலி குறைந்தால், ஏன் குறைந்தது என்று தன் சொல்லாலேயே கேட்பான். பழகாதவன் அடுத்தவன் எழுதி நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவான். நம் பாட்டன்மார் அப்படிப் போட்ட கைநாட்டுகள் போதும்.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "இன்றைக்கு என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். எறிந்த கரிக்கட்டியைத் தேடி எடுத்து அதன் கையில் கொடுங்கள்!