எண்ணெய் குடிப்பது காரின் நோயா, குணமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஜாசினில் இருக்கும் என் அக்காள் மகன் வீட்டுக்கு வந்தான். கையில் எண்ணெய் நிலைய ரசீதுகள் ஒரு கட்டு. உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, காடி ரொம்ப எண்ணெய் குடிக்குது. ரெண்டு பட்டறை பார்த்தாச்சு. பிளக் மாத்தினேன், ஏர் ஃபில்டர் மாத்தினேன், ஆக்சிஜன் சென்சரும் புதுசு. காசு போனதுதான் மிச்சம்."

அவன் வாங்கியிருப்பது 1.8 லிட்டர் இயந்திரம் கொண்ட பழைய விளையாட்டுக் கார். கடனில் வாங்கியது. பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் வேலை. தினமும் போக வர 60 கிலோமீட்டர். வார இறுதிச் சுற்றலையும் சேர்த்தால் மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறது. ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தோம். 100 கிலோமீட்டருக்கு 14 லிட்டர்.

இதே ஜாசினில் அவன் தாத்தா பால்மரம் வெட்டினார். அவன் அப்பா 70 சிசி மோட்டார் சைக்கிளில் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு தாமானுக்கும் தோட்டத்துக்கும் அலைந்தார். ஒரு லிட்டர் எண்ணெயில் எத்தனை தூரம் போகலாம் என்பது அந்த மனிதருக்கு மனப்பாடம். மகனுக்குத் தெரியவில்லை என்று குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. பட்டறைகளில் அவனுக்குக் கிடைத்தவை தவறான பதில்கள். அந்தக் காருக்கு நோய் எதுவும் இல்லை. அதன் குணமே அதுதான்.

140 குதிரைகளில் 20

நம் நாட்டு உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 1998இல் புரோட்டோன் நிறுவனம் சத்ரியா ஜிடிஐ காரை வெளியிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் புரோட்டோன், இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியிருந்தது. சின்ன உடம்பு, 1.8 லிட்டர் இரட்டை கேம் இயந்திரம், 140 குதிரைத்திறன், லோட்டஸ் பொறியாளர்கள் சரிசெய்த சஸ்பென்ஷன். அந்தக் காலத்து மலேசிய இளைஞர்களின் கனவு அது. இன்றும் அதை மெருகு குலையாமல் வைத்திருப்பவர்கள் உண்டு.

இப்படிப்பட்ட ஒரு கார் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில், ஆயர் குரோ அருகே, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றைக் கிழிக்கவும் டயரை உருட்டவும் அதற்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 20 குதிரைத்திறன். ஜாசின் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 6 குதிரைத்திறன்கூட வேண்டியதில்லை. மீதி 120, 130 குதிரைகள் சும்மா நிற்கின்றன. ஆனால் அவற்றுக்கும் தீனி போட வேண்டும். சிக்கல் இங்குதான் இருக்கிறது.

பெட்ரோல் இயந்திரம் தன் திறனுக்கு ஏற்ற பாரத்தைச் சுமக்கும்போதுதான் சிக்கனமாக இருக்கும். பாரம் குறைந்தால் சிக்கனமும் குறையும். காரணம், நாம் மிதியைச் சற்றே அழுத்தும்போது காற்று நுழையும் வழியில் ஒரு தகடு முக்கால்வாசி மூடியிருக்கிறது. ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு மூச்சு இழுப்பது போல, பிஸ்டன்கள் அந்த இடுக்கு வழியே காற்றை உறிஞ்சத் திணறுகின்றன. அதற்கே கொஞ்சம் எண்ணெய் செலவாகிறது. இயந்திரம் பெரிதாக இருந்தால், அதே வேகத்துக்குத் தகடு இன்னும் அதிகமாக மூடியிருக்கும். திணறலும் அதிகம்.

அடுத்தது உராய்வு. விளையாட்டுக் காரின் கியர்கள் உடனடி வேகத்துக்காக நெருக்கமாக அமைக்கப்பட்டவை. சாதாரணக் கார் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் போகும் வேகத்தில், இது 3,500 சுற்றுக்கு மேல் கத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் வளையங்களும் தாங்கிகளும் வால்வுகளும் உராய்ந்து சக்தியை வெப்பமாக்குகின்றன. வண்டிக்குக் கிடைக்கும் வேகம் ஒன்றுதான். உராய்வுக்குக் கட்டும் வட்டி மட்டும் கூடுகிறது.

மிதியை முழுதாக அழுத்தினாலும் வேறு விதத்தில் இழப்பு வரும். பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். முழு வேகத்தில் இயந்திரம் சூடாகிக் கெடாமல் இருக்க, கணினி வேண்டுமென்றே கூடுதல் எண்ணெயைப் பீய்ச்சுகிறது. காற்று 12.5 மடங்காகக் குறைந்தால், அதே காற்றுக்கு எண்ணெய் கிட்டத்தட்ட 18 விழுக்காடு கூடுகிறது. அந்தக் கூடுதல் எண்ணெயின் முக்கிய வேலை ஆவியாகிச் சூட்டைத் தணிப்பது. அதில் பெரும் பகுதி முழுதாக எரியாமலே புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது.

சிப்பாங் சொல்லும் பாடம்

"புதுத் தொழில்நுட்பம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். அதற்குப் பதில் நமக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1999 முதல் 2017 வரை சிப்பாங் பந்தயத் தளத்தில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. 2014இல் வந்த விதி, ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருள்தான் என்று கட்டுப்பாடு விதித்தது. பொறியாளர்கள் அதற்கு ஏற்றபடி இயந்திரங்களை மாற்றினார்கள். 2017இல் மெர்சிடிஸ் அணி, தன் இயந்திரம் சோதனைக்கூடத்தில் 50 விழுக்காட்டு வெப்பத்திறனைத் தாண்டியது என்று அறிவித்தது. நாம் ஓட்டும் கார்கள் அன்றாட ஓட்டத்தில் 25 விழுக்காட்டை எட்டினாலே பெரிது.

அப்படியானால் அந்தப் பந்தயக் கார் எவ்வளவு குடிக்கும்? 100 கிலோ என்பது சுமார் 135 லிட்டர். பந்தய தூரம் 300 கிலோமீட்டருக்குச் சற்றே கூட. கணக்குப் போட்டால் 100 கிலோமீட்டருக்கு 40 லிட்டருக்கு மேல் வருகிறது!

உலகின் மிகத் திறமையான பெட்ரோல் இயந்திரங்களில் ஒன்று, என் மருமகன் காரைப்போல மூன்று மடங்கு குடிக்கிறது. திறமை வேறு, சிக்கனம் வேறு. இயந்திரம் எவ்வளவு நன்றாக எரிக்கிறது என்பது ஒரு கேள்வி. நாம் அதனிடம் எவ்வளவு கேட்கிறோம் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் பெருக்கித்தான் எண்ணெய் நிலையத்தில் பில் வருகிறது.

ஒட்டவைத்த வேகம்

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மாஸ்ஜிட் தானா என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். 1.3 லிட்டர் குடும்பக் காருக்குப் பின்னால் பெரிய இறக்கை, அகலமான டயர், கனமான ரிம், முழங்கை நுழையும் புகைக்குழாய். எனக்கு இதில்தான் உண்மையான வருத்தம். உண்மையான விளையாட்டுக் கார் எண்ணெயைக் குடித்தாலும் பதிலுக்கு வேகத்தைத் தருகிறது. இவை குடிக்கும், ஆனால் ஒன்றும் தரமாட்டா.

பந்தய இறக்கையின் வேலை காரைச் சாலையோடு அழுத்துவது. அந்த அழுத்தம் அதிவேகத்தில் வளையும்போதுதான் பயன்படும். மற்ற நேரமெல்லாம் அது காற்றில் கட்டிய பாரம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மணிக்கு 110இலிருந்து 140 கிலோமீட்டருக்குப் போனால் எதிர்ப்பு 60 விழுக்காட்டுக்கு மேல் கூடும். கனமான ரிம்மை ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் புதிதாகச் சுழற்றிவிட வேண்டும். சத்தத்துக்காக மாற்றிய புகைக்குழாய் சத்தத்தைத்தான் தரும், சில சமயம் சாலைப் போக்குவரத்து இலாகாவின் சம்மனையும்.

காலின் பங்கும் உண்டு. 1,200 கிலோ எடையுள்ள காரை நின்ற நிலையிலிருந்து 110 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக, அந்த இயக்க ஆற்றலுக்கு மட்டும் ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் எண்ணெய் எரிகிறது. பிரேக் போட்டதும் அத்தனையும் தகட்டின் வெப்பமாகிக் காற்றில் போகிறது. ஒரு தேநீர்க் குவளையில் பாதி எண்ணெயைத் தார்ச்சாலையில் ஊற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த விளக்கில் மீண்டும் ஒரு முறை.

வீணாகும் லிட்டரில் யார் பணம்?

மாதம் 2,000 கிலோமீட்டருக்கு 14 லிட்டர் கணக்கில் 280 லிட்டர். 7 லிட்டர் குடிக்கும் காராக இருந்தால் 140 லிட்டர் போதும். 2025 செப்டம்பர் 30ஆம் தேதி பூடி 95 திட்டம் தொடங்கியபோது, மலேசியருக்கு ரோன் 95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு. மாதம் 300 லிட்டர் வரம்பு. அந்த விலையில் வித்தியாசம் மாதம் ஏறக்குறைய 280 வெள்ளி, ஆண்டுக்கு 3,300 வெள்ளிக்கு மேல். ஒன்பது ஆண்டுக் கடன் எடுத்தவருக்கு, கடன் முடியும் முன் 30,000 வெள்ளி. இன்னொரு சிறிய காரின் விலைக்குப் பக்கத்தில் வருகிறது.

அது அவரவர் சொந்தப் பணம் என்று விட்டுவிடவும் முடியாது. அன்று உதவித்தொகை இல்லாத விலை லிட்டர் 2 வெள்ளி 60 காசு. ஆக, கூடுதலாக எரியும் அந்த 140 லிட்டருக்கு அரசாங்கம் அன்று மாதம் 85 வெள்ளி கொடுத்தது. தோட்டத்தில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு மாதம் 15 லிட்டர் போதும். அவருக்கு அன்று கிடைத்த உதவி பத்து வெள்ளிகூட இல்லை. அதிகம் எரிப்பவருக்கு அதிக உதவி என்ற இந்தக் கணக்கு எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம் சாலை வரியும் இதைத் திருத்துவதில்லை. அது இயந்திரத்தின் சிசி அளவைத்தான் பார்க்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1.4 முதல் 1.6 லிட்டர் வரையிலான தனியார் காருக்கு 90 வெள்ளி. சாதுவாக ஓடும் சாதாரண 1.5க்கும், அதிக அழுத்தத்தில் ஓடும் டர்போ 1.5க்கும் ஒரே வரி. அமெரிக்கா 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், அதிகம் குடிக்கும் புதிய கார்களுக்குத் தனி வரி கொண்டுவந்தது. இப்போது அது 1,000 டாலரிலிருந்து 7,700 டாலர் வரை போகிறது. ஆனால் பிக்கப் லோரிகளுக்கும் எஸ்யுவி வாகனங்களுக்கும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்த கதைதான். நாம் செய்வதானால் வாகனத்தின் பெயரைப் பார்க்காமல், அது குடிக்கும் லிட்டரைப் பார்த்து வரி போட வேண்டும்.

அதற்கு முன் எளிய வேலை ஒன்று உண்டு. நாம் கடையில் குளிர்பதனப் பெட்டி வாங்கும்போது அதில் நட்சத்திரக் குறியீடு ஒட்டியிருக்கிறது. காரின் கண்ணாடியிலும், 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பதைக் கொட்டை எழுத்தில் ஒட்டட்டும். பழைய கார் விற்பனை நிலையங்களுக்கும் இது பொருந்த வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் வாங்குவது அங்கேதான்.

நோயா, குணமா? கண்டுபிடிக்க ஒரு வழி

டாங்கியை நிரப்புங்கள், மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே நிலையத்தில் மீண்டும் நிரப்பி, போட்ட லிட்டரை ஓடிய கிலோமீட்டரால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். மூன்று முறை செய்தால் உண்மை தெரிந்துவிடும். டயரின் சுற்றளவை மாற்றியவர்கள் கவனம்: பெரிய சக்கரம் மாட்டினால் மீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும். நேற்றுவரை 9 லிட்டர் குடித்த கார் இன்று 12 குடித்தால் அது நோய். டயர் காற்று, பிடித்துக்கொண்ட பிரேக், சென்சர், தெர்மோஸ்டாட் என்று பார்க்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்தே 14 என்றால் அது குணம். எந்தப் பட்டறையிலும் அதற்கு மருந்து கிடையாது.

மருமகன் மூன்று டாங்கி அளந்தான். வழக்கம்போல ஓட்டியபோது 14.1, 13.8. காலை அடக்கி, வேக வரம்பை மதித்து ஓட்டியபோது 11.6. "அவ்வளவுதானா மாமா?" என்றான். அவ்வளவுதான். கால் திருந்தினால் இரண்டரை லிட்டர் குறையும், இயந்திரம் திருந்தாது.

கார் மோகத்தை விட்டுவிடு என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. இயந்திரத்தைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த கை சாதாரணமானதல்ல. அந்தக் கைக்கு மலாக்காவிலேயே இடம் இருக்கிறது. டுரியான் துங்காலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, தாபோ நானிங்கில் உயர்தொழில்நுட்பப் பயிற்சி மையம் இருக்கிறது. அலோர் காஜாவுக்குப் பக்கத்தில் பெகோவில் இருக்கும் ஹோண்டா ஆலையில் கலப்பின கார்களையே தயாரிக்கிறார்கள். குறைந்த பாரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மின்மோட்டாரை ஓட்டுவதும், பிரேக் வெப்பமாக வீணடித்ததை மின்கலத்தில் சேர்ப்பதும்தான் அந்தக் கார்களின் சூத்திரம். மேலே சொன்ன இழப்புகளில் பாதிக்கு மேல் அதில் விடை இருக்கிறது.

இப்போது அவன் அந்தக் காரை ஞாயிறு மட்டும் எடுக்கிறான். வேலைக்கு அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள். மழை நாளில் நண்பனோடு பங்குக் கார். சென்ற வாரம் மீண்டும் ஒரு ரசீது கொண்டுவந்து காட்டினான். மோட்டார் சைக்கிளின் ரசீது. 100 கிலோமீட்டருக்கு 2 லிட்டர்கூட ஆகவில்லை. அவன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இதை நான் எப்போதோ சொன்னேனே" என்றார்.