எத்தனை நாள் இருப்பீர்கள்?

ஒரகடம் கூட்டு ரோடு. பொழுது இப்போதுதான் விடிகிறது.

வண்டலூரில் இருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் இந்த இடத்தில்தான் ஒன்றை ஒன்று வெட்டுகின்றன. புத்தம் புதிய கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு லாரிகள் போகின்றன. இரவு "ஷிப்டு" முடிந்தவர்களை ஏற்றிய பஸ்கள் ஒரு பக்கம். காலை "ஷிப்டு"க்குப் போகிறவர்களை ஏற்றிய பஸ்கள் மறு பக்கம்.

ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த பூமி இது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் தயாராகத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. பிறகு லாரி வந்தது. மோட்டார் சைக்கிள் வந்தது. சுங்குவார்சத்திரத்துக்கு செல்போன் வந்தது. கொரியாக்காரர் வந்தார். ஜப்பான்காரர் வந்தார். ஜெர்மானியர் வந்தார்.

இன்னொரு கூட்டமும் வந்தது. அவர்கள் விமானத்தில் வரவில்லை. ரெயில் பெட்டியில், தரையில் உட்கார்ந்து வந்தார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு... ஆலைகளுக்குச் சுவர் எழுப்பியவர்கள் அவர்கள். சூளைகளில் செங்கல் அறுக்கிறவர்கள் அவர்கள்.

குழந்தை குட்டிகளோடு வந்தார்கள்.

தகப்பனும் தாயும் வேலைக்குப் போய்விட்டால், தகரக் கொட்டகையில் யார் இருப்பது? எட்டு வயது அக்காள் இருக்கிறாள். அவள் இடுப்பில் ஒரு வயதுத் தம்பி இருக்கிறான்.

ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டட வேலை இடத்தில், சிறு குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1996-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஐம்பதாவது பெண்ணோடு கணக்கு நின்றுவிட்டால்? அந்தச் சட்டம் பேசாமல் இருந்துவிட்டது!

வல்லம் வடகாலில் 2024-ல் 18,720 பெண்கள் தங்குவதற்கு விடுதி திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் அது ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்கு. இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் சித்தாளுக்கு அங்கே இடம் கிடையாது.

கடல் கடந்து வந்தவர்கள்

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, தூர தேசங்களில் இருந்து தொண்டு செய்ய வருகிறவர்கள் உண்டு. சம்பளம் கேட்காமல் உழைக்கிறவர்கள்.

இது புது வழக்கம் அல்ல. 1934-ல் பீகாரைப் பூகம்பம் புரட்டிப் போட்டது. சுவிட்சர்லாந்தில் இருந்து பியேர் செரசோல் என்ற என்ஜினீயர் வந்தார். தோழர்களையும் அழைத்து வந்தார். கிராமத்தாரோடு சேர்ந்து மண் சுமந்தார்.

1961-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி "அமைதிப் படை" அமைத்தார். துப்பாக்கி இல்லாத படை. அதில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தவர்களில் ஒரு பாட்டியும் உண்டு. பெயர் லில்லியன் கார்ட்டர். 1966-ல் அவருக்கு வயது 68! பம்பாயை அடுத்த விக்ரோலியில், ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் நர்சாக வேலை செய்தார். சுமார் இரண்டு வருடம் இருந்தார். பிற்பாடு அவர் மகன் ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். பாட்டியின் பெருமை அதனால் வந்தது அல்ல. ஊசி போடவும் புண்ணுக்குக் கட்டுக் கட்டவும் தெரிந்த கையோடு வந்தார். அதுதான் பெருமை.

இன்றைக்கும் வருகிறார்கள். ஜெர்மன் அரசாங்கம் 2008-ல் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. 18 முதல் 28 வயது வரை உள்ள வாலிபர்களும் யுவதிகளும் வெளிநாடு போய், ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை தொண்டு செய்யலாம்.

வரட்டும். வருகிறவரை வாசலிலேயே நிறுத்துவது தமிழர் வழக்கம் அல்ல. ஆனால் பச்சைக் குழந்தைகளின் பக்கத்தில் போவதற்கு முன்னால், அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

"எத்தனை நாள் இருப்பீர்கள்?"

55 வருடம்!

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெண் சொன்ன பதில் போல இன்னொருவர் சொன்னதில்லை.

ஆமி கார்மைக்கேல். அயர்லாந்துக்காரர். 1895-ல், 27-வது வயதில் இந்தியாவுக்கு வந்தார். நெல்லைச் சீமைக்குப் போனார். தமிழ் படித்தார். புடவை கட்டினார். கோவிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட ஒரு சிறுமி 1901-ல் தப்பி ஓடிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பிறகு இன்னொருத்தி வந்தாள். டோனாவூரில் ஒரு குடும்பமே உருவாகிவிட்டது.

மத விஷயத்தில் அவர் செய்ததை ஒப்புக்கொள்ளாதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த வழக்கு வேறு. இங்கே கவனிக்க வேண்டியது, குழந்தைகளை வளர்த்த விதம்.

டோனாவூரில் வெளிநாட்டுப் பெண்களைக் குழந்தைகள் "சித்தி" என்று கூப்பிட்டார்கள். தமிழ்ப் பெண்களை "அக்காள்" என்று கூப்பிட்டார்கள். ஆண்களுக்கு "அண்ணாச்சி". அங்கே யாரும் "மேடம்" இல்லை. உறவுமுறை வைத்துக் கூப்பிட்டுவிட்டால், ஆறு மாதத்தில் மூட்டை கட்ட முடியுமா?

ஆமி கட்டவில்லை. 55 வருடம் இங்கேயே இருந்தார். விடுமுறைக்குக்கூட சொந்த ஊருக்குப் போகவில்லை. 1931-ல் கீழே விழுந்து அடிபட்டார். அப்புறம் பெரும்பாலும் படுக்கைதான். அப்போதும் போகவில்லை. 1951-ல் டோனாவூரிலேயே காலமானார். "என் சமாதியில் கல் வைக்காதீர்கள்" என்று சொல்லியிருந்தார். குழந்தைகள், பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை அங்கே வைத்தார்கள். தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லை அதில் பொறித்தார்கள்.

எல்லோரும் 55 வருடம் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம் ஆகாது. ஆனால் தொண்டு செய்ய வருகிறவர், தம் கையில் உள்ள அளவுகோல் எவ்வளவு சிறியது என்று தெரிந்துகொள்ளலாம் அல்லவா?

காஞ்சியில் கற்ற பாடம்

நெடுநாள் தங்கினால் மட்டும் போதுமா? அதுவும் போதாது.

ஒரகடத்தில் இருந்து வாலாஜாபாத் வழியாகப் போனால் காஞ்சிபுரம். பட்டுக்குப் பேர்போன ஊர். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். அதை நெய்ய ஒரு ஆள் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். பெரியவருக்குக் கூலி அதிகம். ஆகவே ஒரு சிறுவனை உட்கார வைத்தார்கள். தகப்பன் கல்யாணச் செலவுக்கோ வைத்தியச் செலவுக்கோ தறிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பான். அந்தக் கடன் தீரும்வரை பிள்ளை தறியடியில் இருக்க வேண்டும். கடன் எங்கே தீரும்?

1980-களின் கடைசியில், ஸ்வீடன் தேசத்துத் தம்பதி ஒருவர் இந்தப் பிள்ளைகளுக்கு உதவத் தொடங்கினர். ஓலே ப்ளோம்க்விஸ்ட், குன்னெல் ப்ளோம்க்விஸ்ட் என்பது அவர்கள் பெயர். பிள்ளைகளைத் தறியில் இருந்து விடுவித்துப் பள்ளிக்கு அனுப்புவது அவர்கள் நோக்கம்.

ஆனால் ஒரு பிள்ளையை எழுப்பி அழைத்துக்கொண்டு போனால் என்ன நடக்கும்? முன்பணம் அப்படியே இருக்கும். அண்ணன் உட்கார்ந்த இடத்தில் தம்பி உட்காருவான்!

2000-க்குப் பிறகு, பெரிய கம்பெனிகளை நடத்திய பெர்சி பார்னவிக் என்ற ஸ்வீடன்காரரும், தமிழ்நாட்டைச் சேர்ந்த டாக்டர் கல்பனா சங்கரும் இந்த வேலையில் இறங்கினார்கள். "ஹேண்ட் இன் ஹேண்ட்" என்ற அந்த ஸ்தாபனம் பிள்ளைகளோடு நிற்காமல் தாய்மாரிடம் போயிற்று. மகளிர் குழு, சேமிப்பு, சிறு கடன், சிறு தொழில் என்று வேலை விரிந்தது. தாய் கையில் நாலு காசு நின்றால், தறிக்காரர் முன்பணத்துக்கு யார் கை நீட்டுவது?

ஸ்வீடன் தம்பதி தொடங்கினார்கள். பொறுப்பைத் தமிழ்ப் பெண் ஏற்றுக்கொண்டார். அன்னியர் செய்யும் தொண்டுக்கு இதைவிட நல்ல முடிவு கிடையாது.

ஒரு வார விருந்தாளிகள்

இதற்கு நேர்மாறான காரியமும் உலகில் நடக்கிறது. சுற்றுலா வருகிறார்கள். பத்து நாள் ஊர் பார்ப்பது, ஏழு நாள் அனாதைக் குழந்தைகளோடு விளையாடுவது என்று முன்கூட்டியே ஏற்பாடு. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். எட்டாம் நாள் விமானம்.

குழந்தை என்ன ஆகும்?

புதிதாக யார் வந்தாலும் ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொள்ளும். "ஐயோ, எவ்வளவு பாசம்!" என்று வந்தவர் கண் கலங்குவார். அது பாசம் அல்ல. யாரிடமும் நிலையாக ஒட்டி வளராத பிள்ளைக்கு வரும் குறை அது. தாயோ, தாய்போல நிரந்தரமாக இருக்கும் ஒருவரோ குழந்தைக்கு அவசியம் என்று பிரிட்டிஷ் டாக்டர் ஜான் பவுல்பி, 1951-லேயே உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தார். டோனாவூரில் ஆமி மறைந்த அதே வருடம்!

இன்னொரு கேடும் உண்டு. பார்க்க ஆள் வந்தால், காட்டப் பிள்ளை வேண்டும். கம்போடியாவில் விசாரித்துப் பார்த்தார்கள். அனாதை இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தது தெரிந்தது. ஏழ்மையின் காரணமாகப் பெற்றவர்களே கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் அவர்கள்.

நம் நாட்டில் 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் ஒரு வருடம் வரை சிறை உண்டு. பிள்ளையைக் குடும்பத்திலேயே வைத்து வளர்க்க, "மிஷன் வாத்சல்யா" திட்டத்தில் மாதம் 4 ஆயிரம் ரூபாய் தருகிறார்கள். விதவைத் தாயின் பிள்ளைக்கு, தாத்தா பாட்டியிடம் வளரும் அனாதைப் பிள்ளைக்கு இந்தப் பணம் கேட்கலாம். கிராமமானால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72 ஆயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு 1098 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம்.

அந்த மனுவை எழுதத் தெரியாத ஒரு தாய்க்கு எழுதிக் கொடுத்து, ஆபீசுக்கு மூன்று தடவை அலைந்து வாங்கிக் கொடுக்கிற உள்ளூர் வாலிபன், குழந்தையோடு போட்டோ எடுத்துக்கொண்ட நூறு பேரைவிடப் பெரிய தொண்டன்.

நாமே அன்னியர்

மறுபடி ஒரகடம் பக்கம் வருவோம்.

ஒடிசாவில் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களில் இருந்து சூளை வேலைக்கு வரும் குடும்பங்கள் உண்டு. இங்கேயும் முன்பணம்தான். காஞ்சித் தறியில் பார்த்த அதே முன்பணம்! குடும்பத்தோடு செங்கல் அறுக்கிறார்கள். வெயிலில் காயும் கல்லைத் திருப்பிப் போடுவது பிள்ளைகள் வேலை. 

அந்தப் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் கொண்டுபோய் உட்கார வைத்தால் போதுமா? ஆசிரியை "பேர் என்ன?" என்று கேட்பார். பிள்ளை விழிக்கும். ஆசிரியைக்கு ஒடியா தெரியாது. பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. அயர்லாந்தில் இருந்து வந்த ஆமி அன்றைக்கு நெல்லையில் எப்படி நின்றாரோ, அப்படி இந்தப் பிள்ளைக்கு முன்னால் தமிழ்நாட்டார் நிற்கிறார்கள். ஆமி தமிழ் கற்றார். இங்கே ஒடியா கற்றவர் எத்தனை பேர்?

வழி இல்லாமல் இல்லை. 2010-களில் திருவள்ளூர் மாவட்டச் சூளைகளிலேயே பள்ளிகள் நடத்தினார்கள். ஒடிசாவில் இருந்து பாடப் புத்தகம் வந்தது. பாடம் சொல்ல ஆளும் வந்தார். பிள்ளை தன் மொழியில் படித்தது.

அதை ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒவ்வொரு பெரிய வேலைத்தலத்திலும், ஒவ்வொரு சூளையிலும் ஏன் செய்யக்கூடாது? பணம் இல்லையா? 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் லாபத்தில் 100-க்கு 2 ரூபாயைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இந்தச் சாலையின் இரு பக்கமும் இருப்பவை சின்னக் கம்பெனிகளா?

அந்தப் பணத்தில் எங்கெங்கும் நடப்பது என்ன? வருடத்தில் ஒரு நாள் "தொண்டு தினம்" வரும். ஒரே நிறத்தில் பனியன் போட்ட அறுபது பேர் பஸ்சில் வந்து இறங்குவார்கள். பள்ளிச் சுவருக்குப் பெயிண்டு அடிப்பார்கள். பிஸ்கட் பாக்கெட் கொடுப்பார்கள். சாயங்காலம் போய்விடுவார்கள். பெயிண்டு அடிக்க ஊரில் ஆள் இல்லையா? அடிக்கிறவருக்குக் கூலியாவது கிடைக்குமே!

அந்த அறுபது பேரின் பஸ் செலவு, பனியன் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கட்டும். ஒடியா தெரிந்த ஒரு பெண்ணுக்கு எத்தனை மாதச் சம்பளம் ஆகும் என்று கணக்குப் போடட்டும். ஆளை ஒரு மாதத்துக்கு என்று வைக்காமல் ஐந்து வருடத்துக்கு என்று வைக்கட்டும். ஜெர்மனியில் இருந்தோ ஜப்பானில் இருந்தோ தொண்டு செய்ய வரும் வாலிபர், அந்தப் பெண்ணுக்கு உதவியாக நிற்கட்டும். கணக்கு எழுதட்டும், சத்துணவு வந்ததா என்று பார்க்கட்டும், பிள்ளைகளுக்குப் பந்து விளையாடக் கற்றுத் தரட்டும். பிள்ளை ஒட்டிக்கொள்வது ஊரில் இருக்கப்போகும் அந்தப் பெண்ணோடுதான் இருக்க வேண்டும்.

ஆடி மாதத்துக்கு முன்னால் சூளை வேலை நின்றுவிடும். பலாங்கீர்க் குடும்பம் மூட்டை முடிச்சோடு ரெயில் ஏறும். மழைக்காலம் கழிந்து மறுபடி சூளை மூட்டும்போது, அந்த எட்டு வயதுப் பெண் ஒன்பது வயதுப் பெண்ணாகத் திரும்பி வருவாள். தம்பி நடந்து வருவான். கொட்டகைக்குப் போவதற்கு முன்னால் பள்ளியை எட்டிப் பார்ப்பாள், போன வருடத்து டீச்சர் இருக்கிறாரா என்று.