மறைந்துபோன எலுமிச்சை மணம்

என் தாய்மாமன் கப்பற்பணி புரிந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெட்டியில் ஒரு கண்ணாடிக் குப்பி உண்டு. இளமையில் மார்செய்ல் துறைமுகத்தில் வாங்கிய பரிமளநீர் இரு விரற்கடை அளவு அதில் எஞ்சியுள்ளது. கேட்டால், "தீர்ந்துவிடுமடா, மூடி வை" என்பார்.

அதன் பெயர் 'மொசியே பால்மேன்'. பாரிஸ் நகரத்துப் பால்மேன் ஆடையகத்தின் பெயரால் 1964-ஆம் ஆண்டில் ஆடவர்க்கென வெளிவந்தது. அதனை இயற்றியவர் ஜெர்மேன் செலியே என்னும் பெண்மணி. ஆடவரே மிக்கிருந்த அத்தொழிலில் தனிப்பெயர் ஈட்டியவர். எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற்போன்ற கூர்மையே அதன் உயிர். அணிந்தவரை நெருங்கினாலன்றி அது புலப்படாது. இக்காலப் பரிமளங்கள் சிலவோ, அணிந்தவர்க்கு முன்னே வந்து, அவர் போனபின்னும் போக மறுக்கின்றன!

நெடுநேரம் நிற்பதே சிறப்பு என்பார் உளர். எலுமிச்சையெண்ணெயில் மிகுந்துள்ள லிமோனீன் எளிதில் ஆவியாவது. ஆதலின் விரைந்து அகல்வது அதன் இயல்பேயன்றிக் குறையன்று. அளவறிந்து பேசி அமர்பவரை நாம் குறை கூறுவதுண்டோ?

அப்பழைய கலவை இன்று விற்பனைக்கு இல்லை. 1990-இல் அதே பெயரில் வந்தது திருத்திய வடிவம். பரிமளங்கள் இங்ஙனம் மாறவும் மறையவும் காரணங்கள் பல. பெர்கமாட் எண்ணெயிலுள்ள ஒரு பொருள் வெயில் படும் தோலைப் புண்படுத்தும். ஓக் மரப்பாசி சிலர்க்கு ஒவ்வாது. ஆகவே இவற்றிற்கு அளவு வரையறுத்தனர். விலைபோகாமையால் நின்றவையும் உண்டு. விதிகளை யான் பழிக்கவில்லை. பழையது சுவடின்றி அழிவதற்கே வருந்துகின்றேன். தமிழில் மறைந்த நூல்கள் சிலவற்றின் அடிகளை உரையாசிரியர்கள் மேற்கோளாகவேனும் காத்துத் தந்தனர். மணத்தை மேற்கோள் காட்ட வழி ஏது?

மூடி வைத்தல் காத்தலாகாது. குப்பியினுள் உள்ள காற்றே எலுமிச்சையெண்ணெயைக் கெடுக்கும்; முதலில் மங்குவது அதன் கூர்மையே. வெர்சாய் நகரில் 1990-இல் தோன்றிய 'ஒஸ்மொதெக்' என்னும் மணக்காப்பகம் இதனை உணர்ந்து, பரிமளங்களை ஆர்கன் வாயுவின் கீழ்க் குளிர்ச்சியில் வைத்துள்ளது. மறைந்தவற்றை மூலக் குறிப்பைக்கொண்டு மீண்டும் சமைத்தும் வைக்கின்றது. பரிமளம் ஒன்றை நிறுத்தும் ஒவ்வொரு நிறுவனமும் அதன் கலவைக் குறிப்பை இத்தகைய காப்பகத்தில் ஒப்படைத்தல் கடன் என்பது என் துணிபு. எஞ்சிய குப்பியை உடையோரின் கடன், அதனை அணிந்து மகிழ்தல்.

இதனை மாமனிடம் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. அடுத்த ஞாயிறன்று அவரருகே அமர்ந்தபோது எலுமிச்சை மணம் மெல்ல வீசியது. சற்றே மங்கியிருந்தது, ஆயினும் இருந்தது.