பூட்டி வைத்தால் போதாது

பிள்ளைகளையும் செல்போனையும் பற்றிப் பேச்செடுத்தால் இன்று எங்கும் ஒரே தீர்ப்புதான் காதில் விழுகிறது: பிடுங்கி வை, தடை போடு, வயது வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாதபடி ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு இந்தக் குரல் இன்னும் ஓங்கியிருக்கிறது. இப்படிக் கேட்பவர்களின் கவலையை நான் குறைத்து மதிக்கவில்லை. இரவு ஒரு மணிவரை திரையைத் தேய்க்கும் பிள்ளையையும், முகம் தெரியாத ஒருவனின் மிரட்டலுக்கு அஞ்சி வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளையையும் பார்த்த பெற்றோர் வேறெப்படிப் பேசுவார்கள்? ஆனால், தடை இருந்தால் போதும், தொழில்நுட்பத்தைப் பாதுகாப்பாகவும் பொறுப்பாகவும் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பது பள்ளியின் வேலையல்ல என்று அந்தக் கவலை போய்ச் சேரும் முடிவு தவறானது. அதைத் தாங்கி நிற்கும் வாதங்கள் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தடை போட்டால் பிள்ளைகள் பாதுகாப்பாகிவிடுவார்கள் என்பது முதல் வாதம். வகுப்பறைக்குள் செல்போன் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இங்கிலாந்துப் பள்ளிகளைப் பற்றி 2015இல் வந்த ஓர் ஆய்வு, தடைக்குப் பிறகு படிப்பில் பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்ததைக் காட்டியது. ஆனால், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 30 பள்ளிகளில் 1,227 மாணவர்களிடம் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வில், கண்டிப்பான தடை இருந்த பள்ளிகளின் மாணவர்கள் மனநலத்தில் மற்றவர்களைவிட மேலான நிலையில் இல்லை. பள்ளி நேரத்தில் செல்போனைத் தொடுவது குறைந்திருந்தது; மொத்தப் பயன்பாட்டில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. தென் கொரியா 2011இல், 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை இணைய விளையாட்டு ஆடக் கூடாதென்று சட்டமே போட்டது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்து உள்ளே போனார்கள். பத்து ஆண்டு கழித்து, 2021இல், அந்தச் சட்டத்தை விலக்கிக்கொள்ள முடிவு செய்ததும் அதே நாடுதான். ஆஸ்திரேலியா இதைவிட யோசித்துச் செய்திருக்கிறது: சுமையைப் பிள்ளைகள் மீதோ பெற்றோர் மீதோ ஏற்றாமல் நிறுவனங்கள் மீது ஏற்றி, மீறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர்வரை அபராதம் என்று வைத்திருக்கிறது. அதை வரவேற்கிறேன். ஆனாலும் வாட்ஸ்அப் அந்தத் தடையின் வரம்புக்குள் வரவில்லை; கணக்கு இல்லாமல் யூடியூப் பார்ப்பதையும் அது தடுக்கவில்லை. நம் ஊரிலோ வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. அதற்கென்று அம்மாவின் செல்போனைக் கையில் வாங்கும் பிள்ளைக்கு எந்த வயது வரம்பு குறுக்கே நிற்கும்? தடை முழுதாகவே பலித்தாலும், 16ஆம் பிறந்தநாள் அன்று கதவு திறக்கும். உள்ளே நுழைகிறவருக்கு அதுவரை எதுவும் சொல்லித்தரவில்லை என்றால், ஆபத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறோமே தவிரத் தவிர்க்கவில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லித்தருவது, அவர்களே நமக்குச் சொல்லித்தருவார்களே என்பது அடுத்தது. எண்ணிமக் காலத்தில் பிறந்தவர்கள் அதிலேயே ஊறியவர்கள் என்ற எண்ணத்தை அமெரிக்கரான மார்க் பிரென்ஸ்கி 2001இல் எழுதிய ஒரு கட்டுரை உலகமெங்கும் பரப்பியது. கால் நூற்றாண்டாக வந்துகொண்டிருக்கும் சான்றுகள் அதற்கு நேர் எதிராக இருக்கின்றன. எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணினித் திறனைப் பல நாடுகளில் அளக்கும் ஐசிஐஎல்எஸ் ஆய்வின் 2018ஆம் ஆண்டுச் சுற்றில், இணையத்தில் கிடைத்த தகவலைச் சீர்தூக்கிப் பார்க்கும் உயர்நிலையை எட்டியவர்கள் வெறும் 2 சதவீதம். நம் கிராமங்களைப் பற்றிய ஏசர் 2024 அறிக்கை இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறது. 14 முதல் 16 வயதுவரையான பிள்ளைகளில் 82 சதவீதத்தினருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். சமூக ஊடகத்தைப் பயன்படுத்துகிறவர்களில் தன் பக்கத்தைப் பிறர் பார்க்காதபடி மாற்றத் தெரிந்தவர்கள் 55 சதவீதம், தொல்லை தரும் கணக்கைத் தடுக்கவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம். தெரியாதவர்களின் பக்கத்தில் நின்று இந்த எண்களைப் படித்துப் பாருங்கள்: அந்த வயதில் சமூக ஊடகத்தில் உலவும் பத்துப் பிள்ளைகளில் நான்கைந்து பேருக்குத் தங்கள் பக்கத்தை மூடிவைக்கக்கூடத் தெரியாது. விரல் வேகமாக ஓடுவதைத் திறமை என்று எடுத்துக்கொண்டுவிட்டோம்.

எது திறமை என்பதை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்று துல்லியமாகக் காட்டியது. 2019இல் வெளிவந்த அதில் 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மங்கலான ஒரு காணொளியைக் காட்டினார்கள். வாக்குப்பெட்டிக்குள் யாரோ கள்ள வாக்குகளைத் திணிக்கிறார்கள். அமெரிக்கத் தேர்தலில் நடந்தது என்று தலைப்பு சொல்கிறது. இணையத்தில் தேடிப் பார்க்கவும் அனுமதி உண்டு. பாதிக்கு மேற்பட்டவர்கள் அதை வலுவான சான்று என்றே எழுதினார்கள். அந்தக் காட்சி ரஷ்யாவில் எடுக்கப்பட்டது என்பதைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் மூன்றே பேர். தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் இந்த இடத்தில் செய்வது எளிய வேலை. காட்சியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதை அப்படியே விட்டுவிட்டு இன்னொரு பக்கத்தைத் திறந்து, இதை வெளியிட்டது யார், வேறு யாராவது இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று முதலில் தேடுவார்கள். அறிவாளியாக இருந்தால் இது தானாக வந்துவிடும் என்றில்லை. அதே பல்கலைக்கழகத்தின் மாணவர்களும், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்களும்கூட இதில் தடுமாறியதை அதே ஆய்வாளர்கள் முன்பே பதிவு செய்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தால் வருகிறது என்பதுதான் முக்கியம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் குடிமையியல் வகுப்புக்குள்ளேயே ஆறு பாடவேளைகளில் இதைக் கற்பித்துப் பார்த்தார்கள். கற்ற மாணவர்கள் கல்லாதவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள்.

தடையை வலியுறுத்துகிறவர்கள் பேசாமல் கடந்துபோகும் ஒன்று உண்டு. அவர்கள் பார்வையில் பிள்ளை எப்போதும் பாதிக்கப்படுபவர். தீங்கு வெளியே எங்கோ இருந்து வருகிறது. ஆனால், தீங்கு செய்கிற கையும் பல நேரங்களில் ஒரு பிள்ளையின் கைதான். 2023இல் ஸ்பெயினின் அல்மென்ட்ராலேகோ என்ற சிறிய ஊரில், பள்ளி மாணவர்கள் தங்கள் ஊர்ச் சிறுமிகளின் படங்களைச் சமூக ஊடகத்திலிருந்து எடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டு நிர்வாணப் படங்களாக மாற்றி வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்தார்கள். பாதிக்கப்பட்ட சிறுமிகள் இருபதுக்கும் மேல். மிக இளையவருக்கு வயது 11. மறு ஆண்டு சிறார் நீதிமன்றம் 15 சிறுவர்களுக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. பாலினச் சமத்துவம் பற்றியும் தொழில்நுட்பத்தைப் பொறுப்போடு பயன்படுத்துவது பற்றியும் வகுப்புகளுக்குப் போக வேண்டும் என்றும் ஆணையிட்டது. பள்ளியில் பாடமாக வந்திருக்க வேண்டியது தீர்ப்பின் பகுதியாக வந்தது, இருபது குடும்பங்கள் நொறுங்கிய பிறகு. இங்கே நிலைமை இன்னும் கடுமையானது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படத்தை உருவாக்குவதை மட்டுமல்ல, தேடுவதையும் தரவிறக்குவதையும் அனுப்புவதையும் குற்றமாக்குகிறது. இத்தகைய படங்களைத் தரவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சட்ட விளைவுகளையும் எடுத்துச் சொல்லும் விரிவான பாலியல் கல்வி தேவை என்ற பரிந்துரையையும் அந்தத் தீர்ப்பிலேயே எழுதியது. குழுவில் வந்த ஒரு படத்தை விளையாட்டாக இன்னொருவனுக்கு அனுப்பும் பதினைந்து வயதுப் பையனுக்கு இதில் எது தெரியும்? படத்தில் இருப்பவளுக்கு அதனால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்க அவனைப் பழக்கியது யார்? செல்போனைப் பிடுங்கி வைப்பதால் அந்தக் கேள்வி அவன் மனத்தில் எழப்போவதில்லை.

அதற்குத்தான் விழிப்புணர்வு முகாம் நடத்துகிறோமே என்று சில பள்ளி நிர்வாகங்கள் சொல்லும். சைபர் குற்றப் பிரிவு அதிகாரி ஒருவர் வருவார், ஒரு மணி நேரம் பேசுவார், உறுதிமொழி எடுப்பார்கள், படம் பிடித்துக்கொள்வார்கள். இது போதுமா என்பதற்குப் பீகாரில் நடந்த ஆய்வுகளில் விடை இருக்கிறது. 2019 பொதுத் தேர்தலின்போது சுமித்ரா பத்ரிநாதன் என்ற அரசியல் அறிவியலாளர் அங்கே 1,200க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். அவர்களில் ஒரு பிரிவினரின் வீட்டுக்கே போய், பொய்ச் செய்தியை இனம்காண ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். பலன் எதுவும் தெரியவில்லை. அவரும் சக ஆய்வாளர்களும் அதோடு நின்றுவிடவில்லை. மாநில அரசின் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து, 583 கிராமங்களைச் சேர்ந்த சுமார் 13,500 மாணவர்களைக் கொண்டு, நான்கு மாதம் நீடிக்கும் பாடத்திட்டமாக அதை மாற்றிச் சோதித்தார்கள். இந்த முறை பலித்தது. மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் திறன் கூடியது; நம்பத்தகாத மூலங்களைச் சார்ந்திருப்பது குறைந்தது. பாடம் முடிந்து நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது. கற்பித்தது உடல்நலம் தொடர்பான பொய்களைப் பற்றித்தான். அரசியல் பொய்களை அறிவதிலும் அவர்கள் தேறியிருந்தார்கள். பங்கேற்றவர்களின் வயது போன்ற வேறுபாடுகளும் இரண்டு ஆய்வுகளுக்கு இடையே உண்டு என்பதை மறுக்கவில்லை. என்றாலும், ஒரு நாள் கூட்டத்தை நம்பிப் பிள்ளைகளை விட்டுவிடலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கே தெரியாது, நேரமும் இல்லை என்பது நியாயமான மறுப்பு. ஏற்கெனவே பதிவேடுகளும் செயலிகளுமாகத் திணறும் ஆசிரியர் மீது இன்னொரு பாடத்தை ஏற்றச் சொல்லவில்லை. இது கணினி ஆசிரியரின் தனிச் சொத்தும் அல்ல. நெப்ராஸ்காவில் கற்பித்தது குடிமையியல் ஆசிரியர்கள். பக்கத்துக் கேரளத்தில், தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியைப் பற்றி வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியதைக் கண்ட அப்போதைய கண்ணூர் ஆட்சியர் மீர் முகமது அலி, 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை அறியும் வகுப்புகளைத் தொடங்கினார். தடுப்பூசி அறிவியல் பாடத்தில் வருகிறது, தேர்தல் சமூக அறிவியலில் வருகிறது, விளம்பரத்தின் மொழி தமிழ்ப் பாடத்தில் வரலாம். மாணவர் ஒப்படைத்த கட்டுரை அவர் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்ற நேர்மைக் கேள்வி எல்லாப் பாடத்திலும் இப்போதே வந்து நிற்கிறது. ஆசிரியருக்கு எந்தச் செயலியில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. மிரட்டப்படும் பிள்ளை வந்து நின்றால் திட்டாமல் கேட்கவும், பணம் கொடுக்காதே, உரையாடலை அழிக்காதே என்று சொல்லவும், குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐயோ சைபர் குற்ற உதவி எண் 1930ஐயோ அழைக்கவும் தெரிந்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மிரட்டல் பாலியல் தொடர்பானது என்றால், போக்சோ சட்டப்படி புகாரளிப்பது அவர் கடமையும்கூட. இதற்குத் தேவை முறையான பயிற்சியும், அட்டவணையில் ஒதுக்கிய நேரமும். இரண்டையும் கொடுக்க வேண்டியது அரசு.

இடதுசாரி நண்பர்கள் இன்னொரு பக்கத்திலிருந்து கேட்பார்கள்: பிள்ளையை அடிமைப்படுத்தும்படி செயலியை வடிவமைப்பவன் நிறுவனத்தான், பொறுப்பைப் பிள்ளை தலையில் கட்டுவது அவனைத் தப்பவிடுவதாகாதா? ஆகும், கல்வி மட்டும் போதும் என்று சொன்னால். நான் அப்படிச் சொல்லவில்லை. நிறுவனங்களைச் சட்டம் பிடிக்கட்டும். ஆனால், தன்னிடமிருந்து என்ன எடுக்கப்படுகிறது என்று தெரியாத பிள்ளை பின்னாளில் அதைக் கேள்வி கேட்கும் குடிமகனாக எப்படி வளரும்? பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் மாணவர்களுக்குப் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் மனித உரிமைக் கண்காணிப்பகம் ஆராய்ந்து 2022இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 89 சதவீதம் பிள்ளைகளின் தரவு உரிமையை மீறின அல்லது மீறும் அபாயத்தில் வைத்தன. அரசும் பள்ளியும் சொன்னதால் நம்பித் திறந்த செயலிகள் அவை. சமூக ஊடகத் தடை எதுவும் இதைத் தொடாது.

மிஞ்சுவது, இதெல்லாம் பெற்றோரின் வேலை என்ற வாதம். வசதியும் படிப்பும் உள்ள வீட்டுக்கு இது பொருந்தலாம். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்த பிள்ளைக்கு, வீட்டில் வாங்கிய முதல் ஸ்மார்ட்போனின் அமைப்புகளைச் சரிபார்த்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அங்கே தகவல் ஓடும் திசையே வேறு: வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்வதும், ரேஷன் அட்டைக்கான ஓடிபியைப் பார்த்துச் சொல்வதும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள். பீகார் ஆய்வில் கடைசியாகப் பதிவான முடிவு இந்த வீடுகளைப் பற்றியது. வகுப்புக்கு வந்தது பிள்ளைகள்தான். எந்த வகுப்புக்கும் வராத அவர்களின் பெற்றோரும் பொய்ச் செய்தியை அடையாளம் காண்பதில் தேறியிருந்தார்கள்.