சுவர் பூசும் முன் கம்பிவடம்

புதிய அலுவலகம் அமைக்கக் கடன் கோரும் தொழில்முனைவோரின் திட்ட அறிக்கைகளை நாங்கள் தொடர்ந்து பரிசீலித்து வருகிறோம். மரவேலை, குளிர்சாதனம், மேசை நாற்காலி என ஒவ்வொன்றுக்கும் தனி வரி இருக்கும். தொலைபேசிக்கும் கணினிக்குமான கேபிளோ ‘இதர செலவுகள்’ என்னும் தலைப்பில் ஒடுங்கிக் கிடக்கும். இவ்வழக்கம் மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

நாற்காலியைப் பின்னர் வாங்கலாம். கேபிளைப் பின்னர் இடுவதானால் பூச்சை உடைக்க வேண்டும். பொய்க்கூரையைக் கழற்ற வேண்டும். தவணைக் கடன் மதிப்பீட்டில் இடம்பெறாத அச்செலவு, சரக்குக்கும் சம்பளத்துக்கும் உரிய நடைமுறை மூலதனத்தையே அரிக்கும். தொழில் காலூன்றும் மாதங்களில் அது பெருஞ்சுமை.

வைஃபை இருக்கக் கேபிள் எதற்கு என வினவுவோர் உண்டு. பல இருக்கைகள் கொண்ட அலுவலகத்தில் கூரையில் பொருத்தும் வைஃபை கருவிக்கும் பெரும்பாலும் கேபிள் இணைப்பே ஆதாரம். ஐ.பி. தொலைபேசி, கணினி, கண்காணிப்புக் கேமரா ஆகியனவும் அதே வகைக் கேபிளில் இயங்குவன. ஆகவே குரலுக்கும் தரவுக்கும் சேர்த்து ஒரே திட்டம் போதும். இருக்கைக்கு இரண்டு முனைகள் வைப்பது நல்வழக்கம்.

கேட்-6 கேபிள் நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரை தாங்கும். இருபுறத்துப் பேட்ச் கார்டுகளுக்கு 10 மீட்டர் போக, நிலையாகப் பதிக்கும் கேபிளுக்கு 90 மீட்டரே வரம்பு. எனவே ஸ்விட்ச் ரேக்கின் இடத்தை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். மின்கம்பியும் தரவுக் கேபிளும் ஒரே குழாயில் செல்லலாகாது. பின்னர் கேபிள் சேர்க்கக் குழாயில் இடம் விடுவதும் அவசியம்.

விலைப்புள்ளி கோரும்போது ‘முழுச் செம்பு’ எனக் குறிப்பிடுங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் மலிவானது. ஆனால் கேட்-6 தரத்துக்கு உட்பட்டதன்று. கேபிள் வழியே மின்சாரமும் பெறும் கருவிகளை இணைத்தால் அது கூடுதலாகச் சூடேறும்.

முனைகளுக்கு எண், வரைபடம், சோதனை அறிக்கை ஆகிய மூன்றையும் பெற்ற பின்னரே ஒப்பந்தக்காரருக்கு இறுதித் தொகையை வழங்குங்கள்.

வங்கியாளர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. கேபிளுக்கெனத் தனி வரி இல்லாத அறிக்கையைக் கண்டால், ஒப்புதலுக்கு முன்பே வாடிக்கையாளரிடம் கேட்டுவிட வேண்டும். மதிப்பீட்டில் சேர்க்கும் ஒரு வரி, பின்னாளில் சுவரையும் மூலதனத்தையும் ஒருங்கே காக்கும்.